பவரை ஏற்றும் முன் பார்க்க வேண்டியவை: நான்-ஓவன் பிளாஸ்மா ட்ரீட்டர் கோளாறுகள்

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் எங்கள் லைனில் இரவு ஷிஃப்டில் என்ன கோளாறு வந்தாலும் எனக்கு வருகிற போன் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "தம்பி, பவரை ஏத்திரட்டுங்களா?" பேசுகிறவர் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வரும் மூத்த ஆபரேட்டர். மை ஒட்டவில்லையா, பவரை ஏற்று. லேமினேஷன் உரிகிறதா, பவரை ஏற்று. அவரைக் குறை சொல்ல முடியாது. பேனலில் கைக்கு எட்டுகிற குமிழ் அது ஒன்றுதான். ஆனால் நான் பார்த்தவரை கோளாறு துணியில் இருக்கும், குடோனில் இருக்கும், காற்றில் இருக்கும், சில சமயம் ரோலை ஏற்றிய விதத்தில் இருக்கும். குமிழில் இருப்பது அபூர்வம்.

நான்-ஓவன் என்றால் நெய்யாமல் இழைகளைப் பரப்பி ஒட்டிச் செய்யும் துணி. இங்கே சொல்வது பாலிபுரோப்பிலீனை உருக்கி இழையாக இழுத்துச் செய்யும் ஸ்பன்பாண்ட் வகைத் துணியை, மை ஒட்டும்படி திறந்த காற்றிலேயே ட்ரீட் செய்யும் மெஷினைப் பற்றி. ஒரு பக்கம் எலக்ட்ரோடு, மறுபக்கம் மின்காப்புப் பூச்சுள்ள ரோலர், நடுவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி, அதில் சில ஆயிரம் வோல்ட். காற்று ஊதா நிறத்தில் எரியும், இதுதான் மின்வெளிப்பு; அதற்குள்ளே துணி ஓடும். இதைக் கொரோனா என்பவர்களும் உண்டு, பிளாஸ்மா என்பவர்களும் உண்டு. 2020க்குப் பிறகு எங்கள் ஆட்கள் கொரோனா என்ற சொல்லைத் தொடுவதே இல்லை. நானும் ட்ரீட்டர் என்றே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பாலிபுரோப்பிலீனின் மேற்பரப்பு ஆற்றல் சென்டிமீட்டருக்குச் சுமார் 30 டைன். தண்ணீரின் பரப்பு இழுவிசை 72. இவ்வளவு வித்தியாசம் இருப்பதால்தான் தண்ணீரும் தண்ணீர் மையும் துணியில் பரவாமல் உருண்டு நிற்கின்றன. ட்ரீட்டர் இழையின் மேல்தோலில் ஆக்சிஜனைக் கட்டி அந்த 30ஐ மேலே தூக்குகிறது. எவ்வளவு தூக்கும் என்பதைப் பவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. வாட்டை, துணி அகலத்தாலும் நிமிடத்துக்கு ஓடும் மீட்டராலும் வகுக்க வேண்டும். 3 கிலோவாட், 1.6 மீட்டர் அகலம், நிமிடத்துக்கு 60 மீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 31 வாட்-நிமிடம். அதே பவரில் வேகத்தை 90 ஆக்கினால் 21க்கு இறங்கிவிடும். "எதையுமே மாத்தலீங்க, ஸ்பீடை மட்டும் கொஞ்சம் ஏத்தினோம்" என்று யாராவது சொன்னால் கோளாறு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். பவர் தானாகவே வேகத்தைப் பின்தொடரும் வசதி உங்கள் பேனலில் இருந்தால் அது ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ எப்போதோ ஆஃப் செய்து வைத்திருப்பார்கள்.

தண்ணீர் விட்டால் முத்து முத்தாக நிற்கிறது

ட்ரீட் ஆகவே இல்லை என்று தோன்றும். அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். முதலில் சோதனையை ஒழுங்காகச் செய்யுங்கள். மேசை மேல் துணியைப் போட்டுத் தண்ணீர் விட்டால், கீழே மேசையைத் தொட்டுத் தண்ணீர் பரவுவதெல்லாம் கணக்கில் சேர்ந்துவிடும். தையல் கடையில் கிடைக்கும் எம்பிராய்டரி வளையத்தில் துணியைச் சுருக்கமில்லாமல் மாட்டுங்கள். டிராப்பரில் காய்ச்சி வடித்த தண்ணீர், துணிக்கு ஒரு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு சொட்டு. சொட்டின் மேல் ட்யூப்லைட்டின் பளபளப்பு தெரியும். அது மறையும் வரை எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். அகலத்தில் ஐந்து இடம். பக்கத்திலேயே ட்ரீட் செய்யாத துண்டிலும் ஒன்று. சோதிக்கும் இடத்தை விரலால் தொடக்கூடாது, வியர்வையும் எண்ணெயும் கணக்கைக் கெடுக்கும்.

ட்ரீட் செய்யாத துண்டும் சடசடவென்று உறிஞ்சினால், அது ஏற்கெனவே தண்ணீர் பிடிக்கும் பூச்சு போட்டுவந்த கிரேடு. ட்ரீட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஐந்து இடத்திலும் சொட்டு அப்படியே நின்றால் துணியைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் விட்டுப் பாருங்கள். சிரிக்காதீர்கள். ஒரு ஆடி மாதம் இரண்டு நாள் முழுக்க நாங்கள் ஜெனரேட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தோம். பை அச்சடிக்கும் 70 ஜிஎஸ்எம் துணி, அதாவது சதுர மீட்டருக்கு 70 கிராம். எலக்ட்ரோடைத் துடைத்தோம், இடைவெளியை அளந்தோம், டிரான்ஸ்ஃபார்மரைச் சந்தேகப்பட்டோம். மூன்றாம் நாள் காலையில் பாலக்காட்டுப் பையன் ஒருவன், ஹெல்ப்பர் வேலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, "சேட்டா, இந்த ரோல் அந்தப் பக்கமாத்தானே சுத்தும்?" என்று கேட்டான். ரோல் கீழிருந்து அவிழ வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது மேலிருந்து அவிழும்படி ஏற்றிவிட்டார்கள். இரண்டு நாளும் நாங்கள் ட்ரீட் செய்தது ஒரு முகம், அச்சடித்தது இன்னொரு முகம். மெல்லிய துணியாக இருந்தால் மின்வெளிப்பு துளைகள் வழியே பின்பக்கமும் ஓரளவு போயிருக்கும், நாங்கள் கண்டுபிடித்தே இருக்க மாட்டோம். கெட்டித் துணியானதால் மாட்டிக்கொண்டோம். அன்றிலிருந்து ட்ரீட் ஆன முகத்தில், ரோல் ஓரத்தில் மார்க்கரால் ஒரு "ட்" எழுதுகிறோம். எழுதாத ரோல் அச்சு மெஷினுக்குப் போகாது.

மறுபக்கமும் நிற்கிறது என்றால் விளக்கை அணைத்துவிட்டுப் பார்வைக் கண்ணாடி வழியே ட்ரீட்டரைப் பாருங்கள். ஆரோக்கியமான வெளிப்பு அகலம் முழுக்க ஒரே மாதிரி மங்கலான ஊதா, அதற்குள் மழைத் தூறல் போல மெல்லிய இழைகள். எதுவுமே எரியவில்லை என்றால் இன்டர்லாக்கைப் பாருங்கள், நிபந்தனை நிறைவேறாமல் மெஷினை எரியவிடாத பூட்டு அது. குறைந்தபட்ச வேகம் வந்த பிறகே பல மெஷின்கள் வெளிப்பைத் தொடங்கும். ரோலின் முதல் சில மீட்டரில் மட்டும் கோளாறு என்றால் காரணம் இதுவே. அந்த நீளத்தை வெட்டி எறிவதற்குக் கணக்கில் இடம் விட்டுவிடுங்கள்.

டைன் பேனா சரி என்கிறது, மை ஒட்ட மாட்டேன் என்கிறது

டைன் பேனா, அதாவது அளவு தெரிந்த திரவத்தால் கோடு போட்டு மேற்பரப்பு ஆற்றலைப் பார்க்கும் பேனா, பிளாஸ்டிக் ஃபிலிமுக்கு வந்தது. நான்-ஓவனில் அதை நம்பாதீர்கள். இழைகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் திரவம் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறிவிடும். கோடு உடையாமல் நிற்கிறது, அதனால் 42 என்று எழுதிவைப்பார்கள். உண்மையில் அது உள்ளே இறங்கியிருக்கும். தண்ணீர்ச் சொட்டும் நேரமும்தான் இங்கே நேர்மையான சாட்சி. அப்புறம், அந்தப் பேனாவின் திரவத்தில் பொதுவாக ஃபார்மமைடு இருக்கும். கருவைப் பாதிக்கக்கூடியது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிப் பெண்கள் தொடவே வேண்டாம்.

மை ஒட்டுகிறதா என்று டேப் ஒட்டி உரிப்பது எல்லோரும் செய்வது. ஆனால் உரித்த டேப்பை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அச்சுக்காரர்கள் வைத்திருக்கும் மடக்கு லென்ஸை எடுத்து டேப்பைப் பாருங்கள். நிறம் ஏறிய இழைகள் பஞ்சாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் மையும் ட்ரீட்மென்ட்டும் நன்றாக வேலை செய்கின்றன, துணிதான் பிய்கிறது. இழைகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டவைக்கும் காலண்டர் ரோலரின் சூடோ அழுத்தமோ போதவில்லை. அது ஸ்பன்பாண்ட் லைனின் பிரச்சினை. இழையே இல்லாமல் மை மட்டும் பொடியாகவும் தோலாகவும் வந்திருந்தால் அப்போது ட்ரீட்மென்ட் பக்கம் திரும்புங்கள். துணியில் வைரக்கட்டம் போல அழுத்திய புள்ளிகள் இருக்குமல்லவா, அந்த இடங்களில் மட்டும் மை வந்து, இழைகளில் மை நிற்கிறதா? அழுத்திய புள்ளி வழுவழுப்பான சின்ன ஃபிலிம் மாதிரி, அங்கே மைக்குப் பிடி குறைவு. ட்ரீட்மென்ட் எல்லைக்கோட்டில் இருக்கிறது என்பதற்கு அது முதல் அறிகுறி.

இன்னொரு குற்றவாளி மென்மைக்காகச் சேர்க்கும் மாஸ்டர்பேட்ச், அதாவது பிளாஸ்டிக்கோடு கலக்கும் சேர்மான மணிகள். அதில் எருகாமைடு போன்ற வழுக்குப்பொருள் இருக்கும். அது இழைக்குள்ளிருந்து நாளாக நாளாக மேலே வந்து மெழுகுப் படலமாகப் படியும். ட்ரீட் செய்த தோலை அது மூடிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி: ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த வெள்ளைத் துணியால் ஒரு இடத்தை லேசாக ஒற்றி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, சொட்டு விட்டுப் பாருங்கள். ஒற்றிய இடம் மட்டும் மாறி நடந்தால் மேலே ஏதோ படிந்திருக்கிறது. துணி அனுப்புகிறவரிடம் "கிரேடு மாத்தினீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். ஸாஃப்ட் கிரேடு என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தத் துணிக்குப் பவரை எவ்வளவு ஏற்றினாலும் நாலு நாளில் பழையபடியாகும். துணி உருவாகும் லைனிலேயே, வழுக்குப்பொருள் மேலே வருவதற்குள் ஒருமுறை ட்ரீட் செய்து, அச்சுக்கு முன் இங்கே லேசாக இன்னொரு முறை கொடுப்பதுதான் வழி.

போன வாரம் நன்றாக இருந்த ரோல் இந்த வாரம் கெட்டுவிட்டது

கெடவில்லை, ஆறிவிட்டது. ட்ரீட் செய்த மேல்தோலில் இருக்கும் ஆக்சிஜன் கூட்டுகள் சும்மா இருப்பதில்லை. பாலிமர் சங்கிலி அசைய அசைய அவை மெல்ல உள்ளே திரும்பிக்கொள்ளும். சூடு கூடினால் அசைவு கூடும். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரைக்குக் கீழே, கூரையை ஒட்டி மேல் ரேக்கில் வைத்த ரோல் முதலில் போகும். கீழ் ரேக்கில் அதே தேதியில் ட்ரீட் செய்தது இன்னும் தாங்கும். ஒரே லாட்டில் ஒரு ரோல் நல்லது, ஒரு ரோல் மோசம் என்றால் ரேக் எண்ணைக் கேளுங்கள். ரோலில் தேதி எழுதுங்கள், பழையது முதலில் போகட்டும், அச்சுக்கு முந்தின நாளே ட்ரீட் செய்யப் பழகுங்கள். இதைவிடப் பெரிய மருந்து எனக்குத் தெரியாது.

கோடு கோடாக, பட்டை பட்டையாக

இங்கே ஸ்கேல்தான் மெக்கானிக்.

கோடு துணி ஓடும் திசையில், ஒரே இடத்தில், நீளம் முழுக்கப் போகிறதா? அந்த அளவை ஓரத்திலிருந்து அளந்து எலக்ட்ரோடில் அதே இடத்தைப் பாருங்கள். பஞ்சு ஒட்டியிருக்கும், அல்லது செராமிக் குழாயில் மயிரிழை விரிசல் இருக்கும்.

குறை விட்டு விட்டு, ஒரே இடைவெளியில் வருகிறதா? இரண்டு குறைகளுக்கு நடுவே அளந்து 3.14ஆல் வகுங்கள். 628 மில்லிமீட்டருக்கு ஒருமுறை வந்தால் 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரோலர்தான் குற்றவாளி. லைனில் எந்த ரோலர் 200 என்று தேடிப்போனால் போதும். பெரும்பாலும் ட்ரீட்டர் ரோலரின் பூச்சில் ஒரு பொத்தல். சிலிக்கோன் உறையாக இருந்தால் பிளேடு பட்ட வெட்டு. ஆம், ரோலரில் சுற்றிய துணியை பிளேடு வைத்து அறுப்பது நம்ம ஊர்ப் பழக்கம். அந்த வெட்டைத் தேடி மின்சாரம் போகும், அங்கேயே பொறி விழும், வெட்டு பெரிதாகும்.

ஒரு ஓரம் நன்றாகவும் மறு ஓரம் மட்டமாகவும் இருந்தால் எலக்ட்ரோடு சாய்ந்திருக்கிறது. மெஷினை நிறுத்தி, பூட்டுப் போட்டு, எர்த் கம்பியால் தொட்டு மீதமிருக்கும் மின்னேற்றத்தை இறக்கிய பிறகு, ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இரண்டு ஓரத்திலும் நடுவிலும் விட்டுப் பாருங்கள். எந்த ஒழுங்கும் இல்லாமல் அங்கங்கே மேகம் மாதிரி இருந்தால் துணி சுருங்கி ஓடுகிறது. டென்ஷனைப் பாருங்கள்.

ஊசி ஓட்டை, கருகிய புள்ளி

துணியை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடியுங்கள். ஓட்டையின் விளிம்பு வட்டமாக, உருகி உறைந்து, நகத்தால் தடவினால் கடினமாக இருந்தால் மின்பொறி. விளிம்பில் இழை நீட்டிக்கொண்டிருந்தால் எங்கோ கிழிபட்டிருக்கிறது, ட்ரீட்டரை விட்டுவிடுங்கள்.

மின்பொறிக்குப் பெரிய காரணம் பஞ்சு. நான்-ஓவன் எப்போதும் பஞ்சு உதிர்க்கும். அது எலக்ட்ரோடில் சேர்ந்து கருகினால் அந்தக் கரியே மின்சாரத்துக்குப் பாதை. இருட்டில் பார்த்தால் ஊதாத் தூறலுக்கு நடுவே ஒரே இடத்தில் வெள்ளையாகப் பளிச் பளிச்சென்று வெட்டும். உடனே நிறுத்த வேண்டும், பஞ்சு தீப்பிடிக்கும். பவரைக் குறைத்து ஷிஃப்டை ஓட்டிவிடலாம் என்று பார்க்காதீர்கள். பஞ்சு இல்லாமலும் பொறி விழுவதுண்டு: 15 ஜிஎஸ்எம் போன்ற மெல்லிய துணியில் இழை அடர்த்தி சீராக இருக்காது. அடர்த்தி குறைந்த இடத்தில் வெளிப்பு கூடிப் போகும். அதற்குப் பவரைக் குறைப்பதே சரி. இந்த இடத்தில் குமிழைத் தொடலாம், அதுவும் கீழ்ப்பக்கம்.

மழை தொடங்கியதும் ட்ரீட்மென்ட் இறங்குகிறது, பேனல் ட்ரிப் ஆகிறது

ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து ஈரக்காற்று எங்கள் ஷெட்டுக்குள் நேராக வரும். வாளையார் தாண்டி வேறு வானிலை, இங்கே வேறு வானிலை. காற்றில் ஈரப்பதம் கூடினால் அதே பவரில் துணிக்குக் கிடைக்கும் ட்ரீட்மென்ட் குறையும். இது மெஷின் கோளாறில்லை, பிளாஸ்மாவுக்குள் போகிற காற்றே மாறிவிட்டது. ஈரப்பதமானியை ஆபீஸ் சுவரில் மாட்டாமல் ட்ரீட்டர் காற்று உறிஞ்சும் இடத்தில் மாட்டுங்கள். ஒவ்வொரு ரோலுக்கும் அந்த அளவையும் சொட்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு மாதம் எழுதினால் எந்த ஈரத்துக்கு எவ்வளவு பவர் என்று உங்கள் நோட்டே சொல்லும். அப்போது ஏற்றுகிற பவருக்கு ஒரு கணக்கு இருக்கும். ஏசி அறையிலிருந்து ரோலை எடுத்து வந்த கையோடு ஏற்றவும் வேண்டாம், வியர்த்துக்கொள்ளும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ட்ரிப், அரை மணி நேரம் கழித்துச் சரி என்றால் இன்சுலேட்டர் மேல் ஈரமும் தூசியும். ஆல்கஹாலில் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, பிறகு ஆன் செய்யுங்கள். துடைத்த பிறகும் மரத்தின் வேர் மாதிரிக் கறுப்புக் கோடு தெரிந்தால் அந்த இன்சுலேட்டர் முடிந்தது, மாற்றுங்கள். மதியம் ட்ரிப் என்றால் ஜெனரேட்டரின் ஃபில்டரில் பஞ்சு அடைத்துச் சூடாகிறது.

துணி ரோலரோடு ஒட்டுகிறது, கிட்டப் போனால் ஷாக்

மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும்போது வரும். கை ரோமம் துணியைப் பார்த்து எழுந்து நிற்கும். துணியில் தேங்கும் நிலைமின்சாரத்தை நீக்கும் ஸ்டாட்டிக் பார் இருக்கிறதே என்பீர்கள். எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? இரும்பு ரோலர் மேல் துணி படிந்து ஓடும் இடத்துக்கு நேராக மாட்டினால் பாதி வேலைகூடச் செய்யாது. இரண்டு ரோலர்களுக்கு நடுவே துணி காற்றில் தொங்கி ஓடும் இடத்தில் மாட்டுங்கள். ஊசி முனைகளைப் பிரஷ்ஷால் துடையுங்கள், எர்த்தை இழுத்துப் பாருங்கள்.

ரோல் பிரியும்போது சரக்கென்று ஒட்டி வருகிறது, ஒரு வாடை வேறு

பவரை ஏற்றியே பழகியதன் பலன். அளவுக்கு மீறி ட்ரீட் செய்தால் பாலிமர் சங்கிலிகள் துண்டாகி, மேலே பலவீனமான பசைப் படலம் உண்டாகும். தண்ணீர்ச் சொட்டு அபாரமாகப் பரவும், அதனால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். மை அந்தப் படலத்தில் ஒட்டும், படலம் துணியில் ஒட்டாது. அறிகுறி: ட்ரீட் செய்த துண்டைத் தண்ணீரில் அலசிக் காயவைத்துச் சொட்டு விட்டால் நேரம் சட்டென்று கூடிவிடும். அப்படியானால் பவரைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் அலசிய பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

மூக்கு எரிகிறது, தலை வலிக்கிறது

ஓசோன். காற்றில் மின்வெளிப்பு நடந்தால் அது வராமல் போகாது. எட்டு மணி நேர வேலைக்கு 0.1 பிபிஎம் வரம்பு என்பது பரவலாக எடுத்துக்கொள்ளும் அளவு. மூக்கு அதற்கும் கீழேயே வாடையைப் பிடித்துவிடும், ஆனால் சீக்கிரம் பழகியும்விடும். அதனால் "இப்ப வாடை இல்லீங்க" என்று உள்ளே நிற்பவர் சொன்னால் நம்பாமல், வெளியிலிருந்து வருகிற ஒருவரைக் கேளுங்கள். எக்ஸாஸ்ட் குழாயின் வலையில் பஞ்சு அடைத்திருப்பதே வழக்கமான காரணம். ஃபேன் ஓடாவிட்டால் ட்ரீட்டர் எரியக்கூடாது என்ற இன்டர்லாக்கை யாராவது வயர் போட்டுத் தாண்டியிருந்தால், அந்த வயரைப் பிடுங்கிய பிறகு மற்றதைப் பேசலாம்.

வேக்குவம் சேம்பர் வைத்திருப்பவர்களுக்கு

காற்றை உறிஞ்சி எடுத்த மூடிய பெட்டிக்குள் ட்ரீட் செய்யும் மெஷின் அது. பெரிய வித்தியாசம் ஒன்றுதான்: அழுத்தம் இறங்க மாட்டேன் என்றால் காரணம் லீக்கா, துணியின் ஈரமா என்று பிரிப்பது. காலி சேம்பரை இறக்கிப் பாருங்கள். காலியில் வழக்கமான நேரத்தில் இறங்கினால் துணிதான். விஸ்கோஸ் தன் எடையில் பத்துச் சதவீதத்துக்கு மேல் ஈரம் பிடிக்கும், பாலிபுரோப்பிலீன் ஏறக்குறைய ஒன்றுமே பிடிக்காது. விஸ்கோஸ் கலந்த ரோலை முந்தின நாளே உலர வைக்கவேண்டும். ஆர்கான் விட்டும் வெளிச்சம் இளஞ்சிவப்பாக இருந்தால் காற்று உள்ளே வருகிறது, கதவு கேஸ்கெட்டைத் தடவிப் பாருங்கள்.

நம்மிடம் சரியாக இருந்தது, வாங்கியவர் திருப்பி அனுப்புகிறார்

ஒவ்வொரு ரோலிலிருந்தும் ஓரம் முதல் ஓரம் வரை ஒரு கைப்பிடி நீளம் வெட்டி, ட்ரீட் ஆன முகம் எதிலும் உரசாதபடி சுத்தமான அலுமினியத் தாளில் மடித்து, தேதி எழுதி, ஆபீஸ் அலமாரியில் வைக்கிறோம். ரோல் திரும்பி வந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சொட்டு விட்டுப் பார்ப்போம். போன முறை அலமாரித் துண்டு நாலு விநாடியில் குடித்தது, திரும்பி வந்த ரோல் ஒரு நிமிடமாகியும் அப்படியே நின்றது. லாரி டிரைவரிடம் பேச்சுக் கொடுத்ததில் ரோல்கள் மூன்று வாரம் அவர்கள் முற்றத்தில் தார்ப்பாயின் கீழ் வெயிலில் கிடந்தது தெரிந்தது. மூத்த ஆபரேட்டர் ரோலைத் தட்டிப் பார்த்தார். "அப்ப நம்ம பவர் சரிதானுங்க தம்பி" என்றார். மறுநாள் அதே ரோலை, அதே பவரில் இன்னொரு முறை ஓட்டி, அன்று சாயங்காலமே அச்சுக்கு அனுப்பினோம்.